“நான் இல்லாவிட்டால் சண்டை வராது அல்லவா?”

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

மகன் நகம் கடிப்பதற்கு ஒரு பத்தி, கைபேசிக்கு ஒரு பத்தி, மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆனால், நீங்களும் கணவரும் கடனைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த இரவில், அந்த ஒன்பது வயதுப் பிள்ளை கதவோரம் நின்று, “நான் இல்லாவிட்டால் சண்டை வராது அல்லவா?” என்று கேட்டதைக் கடைசியில் ஒற்றை வரியாக எழுதியிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான்.

வீட்டில் நடக்கும் கெடுதலுக்குத் தாமே காரணம் என்று இந்த வயதில் பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுவார்கள். கொரோனா ஊரடங்கில், மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கோவைப் பட்டறைக்குப் போக முடியாமல் அவன் அப்பாவின் சம்பளம் நின்றதும், வட்டி ஏறியதும் அவனுக்குப் புரியாது. தன் ஆன்லைன் வகுப்புக்கு ரீசார்ஜ் செய்யக் காசு கேட்டபோதெல்லாம் அப்பா கத்தினார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவன் அதை விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதல் ஊரடங்கு தொடங்கிய நான்கு மாதங்களுக்குள் கேரளத்தில் 66 சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக முதலமைச்சரே 2020 ஜூலையில் சொன்னார். இன்று இரவே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “செத்துப்போக வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவனைத் தனியே விடாமல், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைத்துவிட்டு, அன்றைக்கே சித்தூர் தாலுகா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் கேரள அரசின் ‘திசா’ உதவி எண்ணான 1056-இல் பேசலாம். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் அவனைப் பார்த்தாக வேண்டும்.

அவன் நகம் கடிப்பதை இப்போது கண்டுகொள்ளாதீர்கள். இரண்டாம் வகுப்பின் இறுதியில் பள்ளியைப் பிரிந்தவன், 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் நான்காம் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறான். மதிப்பெண் மெல்ல வரும். நின்றிருந்த படுக்கை நனைப்பு மீண்டும் வந்திருப்பதால், சர்க்கரையும் கிருமித் தொற்றும் இல்லை என்று உறுதிசெய்ய ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை போதும். அதற்காகத் திட்டக் கூடாது. ஊரடங்கு குழந்தைகளின் மூளையை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டது என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி இரண்டு வாரம் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். உங்கள் மகன் கெட்டுப்போகவில்லை, பயந்துபோயிருக்கிறான். பயந்த பிள்ளை தேறும்.

ஆனால், அவன் தூங்குவதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரவுதோறும் கொடுக்கும் இருமல் மருந்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மயக்கம் தரும் மருந்தைத் தூக்க மருந்தாகக் கொடுக்க உங்களுக்கு யார் சொன்னார்கள்? இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைக் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர் கை நீட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள். அது இனி ஒருமுறைகூட நடக்கக் கூடாது. சண்டை கடனால் வந்தது, உன்னால் அல்ல என்பதை அவன் அப்பாவின் வாயால்தான் கேட்க வேண்டும். அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் நீங்கள் இடையில் புகுந்து திருத்தாதீர்கள்.