கண்ணாடி அணிந்த மாடலைப் படமெடுக்கும்போது வில்லையில் விளக்கு விழாமல் இருக்க

கேள்வி: மூக்குக்கண்ணாடி விளம்பரங்களுக்காக ஸ்டுடியோவில் மாடல்களைப் படமெடுக்கிறேன். கேமராவின் இருபுறமும் 45 பாகையில் இரண்டு பெரிய சாஃப்ட்பாக்ஸ்கள் (வெள்ளைத் துணித்திரையால் ஒளியை மென்மையாக்கும் பெட்டி விளக்குகள்) வைத்திருக்கிறேன். எல்லாப் படங்களிலும் வில்லைகளில் வெள்ளைக் கட்டம் விழுகிறது. எதிரொளியைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கேமராவில் மாட்டியும் பலனில்லை. வில்லைகளைக் கழற்றிவிட்டு எடுக்கலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். வில்லை இல்லாத ஃபிரேமைக் கண்ணாடி போட்டுப் பழகியவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். விளிம்பில் ஓடும் மெல்லிய ஒளிக்கீற்று இல்லாவிட்டால் முகத்தில் வெறும் வளையம்தான் மிஞ்சும்.

ஒளி எந்தக் கோணத்தில் வந்து படுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். ஆனால் வில்லையின் முன்பக்கம் வெளிப்புறமாக வளைந்திருப்பதால், தட்டையான கண்ணாடியைவிட மிக அகன்ற பரப்பை அது கேமராவுக்குக் காட்டிவிடுகிறது. அதனால் 45 பாகையில் இருக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறது. ஃபில்டர் கைவிட்டதற்கும் காரணம் உண்டு. கண்ணாடிப் பரப்பின் எதிரொளியை அது ஏறக்குறைய முழுவதுமாகத் தடுப்பது, ஒளி பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகை சாய்ந்து படும்போதுதான். உங்கள் அமைப்பிலோ அந்தச் சாய்வு 45-இல் பாதி, அதாவது 22.5 பாகை மட்டுமே. விளக்கின் முன்னும் போலரைசர் தாள் கட்டினால் கட்டம் மறையும், ஆனால் உலோக ஃபிரேமின் பளபளப்பும் சேர்ந்து போய்விடும் என்பதால், ஃபிரேமை விற்க எடுக்கும் படத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

முதலில் ஒரு விளக்கை அணைத்துவிடுங்கள். மற்றொன்றை மாடலின் தலைக்கு மேலே நன்றாக உயர்த்தி, அதன் மாடலிங் விளக்கை (ஃபிளாஷ் எப்படி விழும் என்று முன்கூட்டியே காட்டத் தொடர்ந்து எரியும் விளக்கு) எரியவிட்டு, கேமரா இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பார்த்தபடியே, வெள்ளைக் கட்டம் வில்லையின் மேல்விளிம்பைத் தாண்டி மறையும்வரை உதவியாளரை விளக்கை நகர்த்தச் சொல்லுங்கள். கொஞ்சம் மிச்சம் நின்றால் விளக்கை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தொடுங்கள். காதின் மேல் அமரும் இடத்தில் கண்ணாடியின் கைகளை 5 மில்லிமீட்டர் தூக்கி, முடிக்குள் சிறு பஞ்சுத் துண்டை மறைத்துவைத்தால், வில்லை ஏறக்குறைய 3 பாகை கீழ்நோக்கிச் சாயும். எதிரொளி அதைப்போல் இரு மடங்கு, 6 பாகை திரும்பும். ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கும் விளக்கை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் உயர்த்தியதற்கு இது சமம். மாடலைத் தலை குனியச் சொல்வதைவிட இது மேல், ஏனெனில் பார்வையும் கழுத்தும் இயல்பாகவே இருக்கும். அளவோடு தூக்குங்கள், பக்கவாட்டுப் படத்தில் இந்தச் சாய்வு தெரிந்துவிடும்.

விளக்கு உயர்ந்ததும் இன்னொரு தொல்லை வரும்: ஃபிரேமின் மேல்விளிம்பு கண்களின் குறுக்கே நிழல் போடும். மாடலின் மார்புக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் படுக்கைவாட்டில் பிடித்து அந்த நிழலை இளக்குங்கள். அட்டையே வில்லையின் அடிப்பகுதியில் தெரிந்தால் இன்னும் தாழ்த்துங்கள். மாடலுக்கு எதிரே உள்ள வெள்ளைச் சுவரும் உங்கள் வெளிர் சட்டையும்கூட வில்லையில் பதியும். கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணி கட்டி, நீங்களும் கருப்பு உடுத்திக்கொள்ளுங்கள்.

மாடல் தம் சொந்தப் பவர் கண்ணாடியோடு வந்தால் அதை ஏற்க வேண்டாம். மைனஸ் பவர் வில்லை கன்னத்தின் விளிம்பை உள்ளே இழுத்து, கண்களையும் சிறிதாக்கிவிடும். பவர் இல்லாத வில்லையைப் போட்டுவிட்டு அவரைக் கான்டாக்ட் லென்ஸ் அணியச் சொல்லலாம்.

குளிர்கண்ணாடிக்கு மட்டும் அணுகுமுறை தலைகீழ். எதிரொளி எதுவுமே இல்லாத கருவில்லை படத்தில் இரண்டு ஓட்டைகளைப் போலிருக்கும். அங்கே பெரிய சாஃப்ட்பாக்ஸை வேண்டுமென்றே வில்லையின் மேற்பாதியில் விழவிட்டு, கீழ்நோக்கி மெல்ல மங்கும்படி அமையுங்கள்.

முகத்தைச் சுற்றி அதிகமாக வளைந்த ஃபிரேம்களில் இவையெல்லாம் செய்தும் ஒரு கீற்று தங்கலாம். அப்போது கேமராவை முக்காலியில் வைத்து, மாடலை அசையாமல் இருக்கச் சொல்லி, விளக்கை நகர்த்தி உடனே இரண்டாவது படம் எடுத்துக்கொண்டால், அதன் தெளிந்த வில்லைப் பகுதியை முதல் படத்தில் பொருத்திவிடலாம்.