கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, அப்புறம் ஏன் பிபி?

கேள்வி: வயது 41. புகை, மது கிடையாது. தினமும் 45 நிமிடம் நடக்கிறேன், உப்பும் குறைவுதான். ஆனாலும் ஆறு மாதமாகக் காலையில் பிபி 142/92 காட்டுகிறது, எழுந்திருக்கும்போதே அசதி. மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் இப்படி. வீடு மாறினால் பிபி ஏறுமா?

பதில்: ஏறலாம். இதைக் கேட்டு வீட்டில் சிரித்திருப்பார்கள், நான் சிரிக்கவில்லை. வாய்க்குள் போவதைக் கணக்குப் பார்க்கும் நாம் காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் போவதைக் கண்டுகொள்வதே இல்லை.

ராத்திரி லாரி ஹாரன் அடிக்கும்போது உங்களுக்கு விழிப்பே வராமல் இருக்கலாம், 'பழகிவிட்டது டாக்டர்' என்றுகூடச் சொல்வீர்கள், ஆனால் உடம்பு அப்படி முழுசாகப் பழகுவதில்லை. சத்தம் கேட்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் எகிறும், ரத்தக் குழாய் இறுகும், தூக்கத்தில் வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் சரியாக இறங்காமல் போகும். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. கட்டிலை ரோட்டுப் பக்கம் இல்லாத அறைக்கு மாற்றுங்கள். முதல் மருந்து அதுதான்.

அடுத்தது தூசு. ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், கறுப்பாக ஒட்டும். அதுகூடப் பரவாயில்லை, பெரிய தூசு, பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். விரலில் தெரியாத பிஎம் 2.5 துகள்தான் தொல்லை: தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, நுரையீரலின் அடி வரை போய்விடும், அதிலும் மிகப் பொடியானவை ரத்தத்தில் கலக்கும். வாக்கிங்கும் அதே ரோட்டில்தான் என்றால் வேகமாக மூச்சு வாங்கி அதைத்தான் கூடுதலாக உள்ளே இழுக்கிறீர்கள். நடையை விட வேண்டாம், உள்தெருவுக்கு மாறுங்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் ரோட்டின் மேல் போட மாட்டேன். ஒரு வாரம் வீட்டிலேயே, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை பிபி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு, மீதி நாட்களின் சராசரி 135/85-ஐத் தொட்டாலே உங்கள் மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். அப்புறம், குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். உங்களைக் கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வீர்கள். அவர் 'ஆமாம்' என்றால், பிபிக்கும் காலை அசதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம், வேறு வீடு தேடுவதற்கு முன்னால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.