வெளிநாடு போகும் விமானம் மணிக்கணக்கில் தாமதமானால் எரிச்சலைத் தவிர வேறு ஏதாவது மிஞ்சுமா?

மிஞ்சும். ஆனால் தாமதம் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒன்றரை மணி நேரத் தாமதம்தான் இருப்பதிலேயே கொடுமை. ஆறு மணி நேரம் அதைவிட எவ்வளவோ மேல்.

ஒன்றரை மணி நேரம் என்று யாரும் முதலிலேயே சொல்வதில்லை, அதுதான் பிரச்சினை. பலகையில் முதலில் இருபது நிமிடம் தள்ளிப் போடுவார்கள். அது முடியும் நேரத்தில் இன்னொரு அரை மணி. போர்டிங் கேட்டை விட்டு நகரவும் முடியாது, நிம்மதியாக உட்காரவும் முடியாது. கழிவறைக்குப் போவதற்கே யோசனையாக இருக்கும். புத்தகத்தைத் திறந்தால் ஒரு கண் பலகையில், ஒரு காது ஒலிபெருக்கியில். படித்த பத்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்போம். இதற்கு நடுவில் யாரோ ஒருவர் எழுந்து போய் கேட் முன்னால் நிற்பார். ஏன் நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது. ஐந்தே நிமிடத்தில் அவருக்குப் பின்னால் நீள வரிசை சேர்ந்துவிடும். கவுன்ட்டரில் ஆளே இருக்காது.

காரணம் கேட்டால் "தவிர்க்க முடியாத காரணங்கள்" என்பார்கள். பல நேரங்களில் விஷயம் இவ்வளவுதான்: நாம் ஏற வேண்டிய விமானம் இன்னும் வந்தே சேரவில்லை. காலையில் வேறோர் ஊரில் தாமதமாகக் கிளம்பியது, அன்று முழுக்க அந்தத் தாமதத்தைச் சுமந்துகொண்டே பறக்கும். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் அது எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் பார்த்துவிடலாம். அது இன்னும் நடுவானில் இருக்கும்போது இங்கே பலகை "40 நிமிடம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது இறங்கி, ஆட்கள் இறங்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, சரக்கை மாற்ற வேண்டும். பெரிய விமானம் என்றால் அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சில தாமதங்களுக்கு விமான நிறுவனத்தைத் திட்டியும் பயனில்லை. ஐரோப்பிய வான்வெளியில் நெரிசல் என்றால், அங்கே வான் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகன்ட்ரோல் அமைப்பு ஒவ்வொரு விமானத்துக்கும் புறப்படும் நேரம் ஒதுக்கும். அதற்கு 5 நிமிடம் முன்னாலிருந்து 10 நிமிடம் பின்னால் வரைதான் கணக்கு. தவறவிட்டால் புது நேரம் வாங்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு நம்மை உள்ளேயே உட்கார வைப்பது சில சமயம் அதற்காகத்தான்: நேரம் முன்கூட்டியே கிடைத்தால் உடனே கிளம்பலாம். இன்னொரு பக்கம், விமானிகளுக்குப் பணி நேர வரம்பு உண்டு. காத்திருந்து காத்திருந்து அது தீர்ந்துவிட்டால் வேறு ஆட்கள் வர வேண்டும். பிராங்க்பர்ட்டில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை வழக்கமான விமானப் போக்குவரத்துக்குத் தடை. அங்கே இரவு பத்து மணிக்கு மேல் தாமதம் என்றால் கொஞ்சம் பயப்படலாம்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். "இன்னும் ஐந்து மணி நேரம்" என்று ஒருவழியாக உறுதியாகச் சொல்லிவிடுவார்கள் பாருங்கள், அந்த நிமிடத்தில் கூட்டத்தின் முகமே மாறும். ஒரு சுற்று முணுமுணுப்பு, நான்கைந்து போன் அழைப்புகள், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவார்கள். அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர் "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று ஆரம்பிப்பார். பையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருப்பவர்தான் அன்றைக்கு ராஜா. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத இரண்டு குழந்தைகள் ஒரு சூட்கேஸை உருட்டி விளையாட ஆரம்பிப்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் கண்ணாடிச் சுவர் ஓரம். விமானி பளிச்சென்ற சட்டையோடு இறங்கி வந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு டயராகப் பார்ப்பார். எஞ்சின் வாய்க்குள் தலையை நீட்டி உள்ளே இருக்கும் விசிறித் தகடுகளை நோட்டம் விடுவார். மூலை வெட்டிய அலுமினியச் சரக்குப் பெட்டிகள் ஏற்றும் வண்டியின் உருளைகள் மேல் தானாகவே திரும்பி, நேராகி, விமானத்தின் வயிற்றுக்குள் போகும். அவசரமாக ஏறும் நாளில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

விமானம் மாறுவதற்காக இடையில் காத்திருப்பது எந்த ஊரில் என்பதும் முக்கியம். சிங்கப்பூர் சாங்கியில் மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமே இருக்கிறது. ஐந்தரை மணி நேரமாவது இருந்தால், விசா நிபந்தனைகள் பொருந்தினால், இலவசமாக ஊரையும் சுற்றிக் காட்டுவார்கள். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போலில் 2010இல் ஒரு நூலகம் திறந்தார்கள். பல விமான நிலையங்களில் நாற்காலியும் கடையும் தவிர எதுவும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கவுன்ட்டரில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும், தாமதம் நீண்டால் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தர வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு விதி. வானிலையே காரணமானாலும் இது மாறாது. வானிலை காரணமென்றால் கிடைக்காமல் போவது தாமதத்துக்கான நஷ்டஈடுதான்.

ஒரு விஷயம் மட்டும் முதலில் பாருங்கள். அடுத்த விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் அதைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் கண்ணாடி ஓரம், வேடிக்கை எல்லாம் அப்புறம். முதலில் அடுத்த நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.