2019 பிரிட்டன் தேர்தலின்போது பரவிய லீட்ஸ் மருத்துவமனைச் சிறுவன் படம் போலியா?

போலி இல்லை. நிமோனியாவோ என்ற சந்தேகத்தில் லீட்ஸ் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு வயதுச் சிறுவன், படுக்கை கிடைக்காமல் தரையில் கோட்டுகளின் மேல் படுத்திருந்தான். படம் எடுத்தது அவன் அம்மா. யார்க்‌ஷயர் ஈவினிங் போஸ்ட் நாளிதழ் அதை வெளியிட்டது; மருத்துவமனையும் மன்னிப்புக் கேட்டது.

டிசம்பர் 9 அன்று, அதாவது வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, ஐடிவி தொலைக்காட்சி நிருபர் ஒருவர் இந்தப் படத்தைத் தன் கைப்பேசியில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனிடம் காட்டப் போனார். ஜான்சன் அந்தக் கைப்பேசியை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்! அப்புறம் எடுத்துப் பார்த்து, பரிதாபமான படம் என்றார்.

வதந்தி அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. ‘அங்கே வேலை செய்யும் நர்ஸ் எனக்குத் தெரிந்தவர், தாய்தான் பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துப் படம் எடுத்தாராம்’ என்று ஒரு ஃபேஸ்புக் பதிவு வந்தது. அதையே வரி மாறாமல் பலர் வெட்டி ஒட்டினார்கள். முதலில் பதிவிட்டதாகச் சொல்லப்பட்டவரோ, என் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றார்.

வதந்தி பரப்பியது சமூக ஊடகம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. அன்றே சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் அந்த மருத்துவமனைக்குப் போனபோது, அவருடைய உதவியாளரை ஒரு போராட்டக்காரர் கையால் குத்திவிட்டார் என்று பிபிசி, ஐடிவியின் மூத்த அரசியல் ஆசிரியர்களே ட்விட்டரில் எழுதினார்கள். ஜான்சனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் சொன்னதைச் சரிபார்க்காமல் போட்டதன் விளைவு இது. வீடியோ வந்ததும் உண்மை தெரிந்தது: போராட்டக்காரர் நீட்டியிருந்த கையில் உதவியாளர்தான் போய் மோதியிருந்தார். ஆசிரியர்கள் இருவரும் திருத்தம் போட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.