மைனஸ் 9 வந்தால் வண்டு ஓடிவிடுமா?

கேள்வி: எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டின் வாசனைப் புரதத்தை ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் மாடல் செய்து (கணினியில் வடிவம் உருவாக்கி), வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருளை அதில் டாக்கிங் செய்து, அதாவது புரதத்தில் எப்படி ஒட்டும் என்று கணினியில் பார்த்து, தந்தார்கள். ஸ்கோர் மைனஸ் 9; எண் கீழே போகப் போக இறுக்கமாக ஒட்டும் என்று கணக்கு. "சிறந்த வண்டு விரட்டி" என்று முடிவுரை எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

பதில்: வேண்டாம்.

வண்டின் உணர்கொம்பு மயிருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. காற்றில் வரும் வாசனை மூலக்கூறு எண்ணெய்ப்பசை உள்ளது, அதில் லேசில் கரையாது, அதைச் சுமந்து, வாசனையை உணரும் ஏற்பிவரை கொண்டுபோவதுதான் இந்தச் சின்னப் புரதத்தின் வேலை. அதாவது பொருள் முதலில் ஆவியாகிக் காற்றில் வர வேண்டும். மற்ற வண்டுகளை அழைக்க ஆண் கூன்வண்டு விடும் வாசனைப்பொருளான ஃபெருஜினியால், தோப்பில் பக்கெட் பொறிக்குள் தொங்கவிடுகிறோமே அதுதான், மூலக்கூறு எடை 158. அசாடிராக்டின் 720. அது ஆவியாகி வண்டின் கொம்புக்கு எங்கே போய்ச் சேரப்போகிறது? வேம்பு பூச்சியைத் தின்னவிடாமல், வளரவிடாமல் செய்வது உண்மை, ஆனால் அது வேறு கதை.

அப்புறம் மைனஸ் 9 எப்படி வந்தது? மூலக்கூறு பெரிதாக ஆக, புரதத்தை உரசும் இடமும் கூடும், மென்பொருள் அதற்கெல்லாம் மதிப்பெண் போட்டுக்கொண்டே போகும். படத்தைத் திருப்பிப் பாருங்கள், அசாடிராக்டின், வாசனை மூலக்கூறு உட்காரும் குழிக்குள் இல்லாமல் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஃபெருஜினியாலையும் அதே பெட்டி (மென்பொருள் தேடும் இடம்) அளவில் ஓட்டி, அதன் ஸ்கோரைப் பக்கத்தில் வைக்காத அட்டவணைக்கு மதிப்பே இல்லை. இன்னொன்று, தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் அமினோ அமில வரிசையின் தொடக்கத்தில் சமிக்ஞைத் துண்டு இருக்கும். செல்லிலிருந்து வெளியேறும்போது வெட்டுப்பட்டுப் போகிற பகுதி அது. அதை வெட்டாமலே மாடல் போட்ட ஆய்வேடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஸ்கோர் மோசமாக வந்தால் ஒட்டாது என்றும் சொல்லிவிடாதீர்கள். பட்டுப்பூச்சியின் இதே மாதிரிப் புரதத்துக்குள், பெண் பூச்சி விடும் வாசனைப்பொருளான பாம்பிகால் உட்கார்ந்திருக்கும் படிக அமைப்பு 2000-இலேயே வந்துவிட்டது. அமிலத்தன்மை கூடினால் அதே புரதத்தின் வால் சுருண்டு, பாம்பிகால் இருந்த குழிக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். அந்த அடைத்த வடிவத்தை வார்ப்பாக (டெம்ப்ளேட்) வைத்து மாடல் போட்டால் எந்த வாசனைக்கும் இடம் கிடைக்காது, தப்பு உங்கள் மூலக்கூறில் இல்லை. அதனால் எந்த வார்ப்பு, எந்த பிஹெச் (அமிலத்தன்மை அளவு) என்று கேளுங்கள். வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளில் போட்ட மாடல் என்றால், அதற்கு பிஹெச் தெரியாது.

ஒட்டியே விட்டாலும் வண்டு வருமா, விலகுமா என்று அந்த எண் சொல்லாது. சுமைகூலிக்காரர் மூட்டையைத் தூக்கினார் என்றால் கடைக்காரருக்குச் சரக்கு பிடித்தது என்று அர்த்தமா?

இதையெல்லாம் கைடுதான் கேட்டிருக்க வேண்டும். எல்லா ஆய்வேட்டிலும் ஒரு டாக்கிங் படம் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள், படத்தைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள், நடுவில் சென்டர்காரர் பிழைக்கிறார். இத்தனைக்கும் ஆல்ஃபாஃபோல்ட், டாக்கிங் செய்யும் ஆட்டோடாக் வினா எல்லாமே இலவசம், சாதாரண லேப்டாப்பில் டாக்கிங் ஓடும்.

நாளைக்கே போய்ப் புரதக் கோப்பு, வெட்டிய வரிசை, பெட்டியின் அளவு எழுதிய கான்ஃபிக் கோப்பு மூன்றையும் வாங்குங்கள். வண்ணப்படமும் எக்செல் அட்டவணையும் மட்டும்தான் தருவோம் என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.