மருத்துவச் சான்று: யாரிடம், எப்போது, எதற்காக?

நோய்க்கால விடுப்பு, அதற்கான மருத்துவச் சான்று ஆகியவை குறித்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். சென்ற மாதம் நான்கு நாள்கள் கடும் காய்ச்சல். நிலவேம்புக் கசாயமும் பாராசிட்டமாலுமாக வீட்டிலேயே படுத்திருந்தேன், மருத்துவரிடம் போகவில்லை. இப்போது சான்றிதழ் தராவிட்டால் சம்பளத்தைப் பிடிப்போம் என்கிறார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் இருநூறு ரூபாய்க்குப் பழைய தேதி போட்டுத் தருவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காய்ச்சலை அந்த மருத்துவர் பார்க்கவில்லை. மருத்துவச் சான்று என்பது ஒரு மருத்துவர் தாம் நேரில் பரிசோதித்துக் கண்டதைக் கையொப்பமிட்டுச் சொல்லும் சாட்சியம். அலோபதி மருத்துவர்களின் தொழில் நெறியை வகுக்கும் 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதிகளின் பின்னிணைப்பில் உள்ள மாதிரிப் படிவத்திலேயே, மருத்துவரின் உறுதிமொழி 'கவனமாகப் பரிசோதித்த பின்' என்றுதான் தொடங்குகிறது. அதில் நோயாளி மருத்துவரின் முன்னிலையில் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும். மச்சம், தழும்பு போன்ற அடையாளக் குறிகளைக் குறிக்க வேண்டும். என்ன நோய், எந்த நாளிலிருந்து எத்தனை நாள் ஓய்வு அவசியம் என்பதை மருத்துவர் நிரப்ப வேண்டும். தாம் தரும் சான்றுகளுக்கென ஒரு பதிவேடு வைத்து விவரங்களை எழுதுவதும், சான்றின் நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்வதும், மருத்துவக் கழகப் பதிவு எண்ணைக் குறிப்பிடுவதும் அவரது கடமைகள். நிறுவனம் சந்தேகப்பட்டு விசாரித்தால் அந்தப் பதிவேட்டின் பக்கத்தைத்தான் முதலில் கேட்கும். தேதி வரிசையில் நிரம்பிவிட்ட பக்கத்தின் நடுவே உங்கள் பெயரை இனிமேல் எப்படிச் செருகுவார்கள்?

பொய்ச் சான்று வழங்கும் மருத்துவரின் பெயரை மருத்துவக் கழகப் பதிவேட்டிலிருந்தே நீக்க அதே விதிகள் இடம் தருகின்றன. சட்டப்படி தேவைப்படுகிற, அல்லது சாட்சியமாக ஏற்கத்தக்க ஒரு சான்றைப் பொய்யென்று தெரிந்தே வழங்குவதும் பயன்படுத்துவதும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 234, 235 பிரிவுகளின்கீழ் பொய்ச்சாட்சிக்கு இணையான குற்றங்கள். நான்கு நாள் விடுப்புக்காக உங்களைக் கூண்டில் ஏற்றுவார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் வேலை போவதற்கு நீதிமன்றம் தேவையில்லை, உள் விசாரணையே போதும். அங்கே காய்ச்சல் உண்மையா என்று யாரும் கேட்கமாட்டார்கள், காகிதம் உண்மையா என்றுதான் கேட்பார்கள்.

இப்போது செய்யக்கூடியது என்னவென்றால், உடலில் இன்னும் சோர்வோ வலியோ இருந்தால் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் இன்றைய தேதியிட்டு, இன்று கண்டதை எழுதி, 'சென்ற மாதம் நான்கு நாள்கள் காய்ச்சல் இருந்ததாக நோயாளி தெரிவிக்கிறார்' என்று சேர்க்கலாம். அது நேர்மையான வாசகம். அதை ஏற்பதா என்பதை நிறுவனம் முடிவு செய்யட்டும். ஏற்காவிட்டால் அந்த நாள்களைத் தற்செயல் விடுப்பில் கழிக்கக் கேளுங்கள். உங்கள் அலுவலகம் தொழிற்சாலையைச் சேராத தனி வணிக நிறுவனம் என்றால், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள்கள் வரை நோய்க்கால விடுப்பும், அதற்குத் தனியாக 12 நாள்கள் வரை தற்செயல் விடுப்பும் ஊதியத்துடன் உண்டு.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு நாள் தலைவலிக்கும் சான்று கேட்கும் அலுவலகங்கள்தான் அந்த இருநூறு ரூபாய்க் கிளினிக்குகளை வாழ வைக்கின்றன.

கேள்வி: சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை. பத்தாவது வாரத்தில் கருச்சிதைவு ஏற்பட்டு விடுப்பில் இருக்கிறேன். 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதிய மருத்துவரின் சான்றைக் கொடுத்தேன். என் குழுத் தலைவர், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் குழுவின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்கிறார். மறுத்தால் விடுப்பு ரத்தாகுமா?

பதில்: அனுப்ப வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது உங்களுக்கு என்ன நேர்ந்தது, என்ன சிகிச்சை தரப்பட்டது, ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் என்ன தெரிந்தது என்பவற்றை எல்லாம் அடுத்து சிகிச்சை அளிக்கப்போகும் மருத்துவருக்காகத் தொகுத்த ஆவணம். இவர் வேலைக்கு வர முடியுமா, முடியாதென்றால் எந்தத் தேதி வரை என்பதைத் தவிர ஒரு குழுத் தலைவர் அறிய வேண்டியது அதில் எதுவும் இல்லை. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்று மேலே சொன்ன அதே விதிகள் வலியுறுத்துவதால், காரணத்தைச் சுருக்கமாகவோ பொதுவாகவோ எழுதும்படி நீங்கள் கேட்டதிலும், உங்கள் மருத்துவர் அதற்கு இணங்கியதிலும் தவறில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உங்கள் சட்டப்படியான உரிமை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வழங்கிய இந்த உரிமை, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. கருச்சிதைவின் விளைவாக நோய் ஏற்பட்டால், அதற்கு மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். இந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லி, அதற்கான சான்றையும் தந்தாக வேண்டும். 'ஓய்வு தேவை' என்ற பொதுச் சான்று அதற்குப் போதாது. பொதுச் சான்றோடு நின்றால் இந்த நாள்கள் உங்கள் நோய்க்கால விடுப்புக் கணக்கிலிருந்து கழியும். அது தீர்ந்தால் சம்பளமும் போகும். இரகசியம் காக்க விரும்பிப் பல பெண்கள் இந்த ஆறு வாரங்களை வாய் திறக்காமலே இழந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மருத்துவரிடம் இரண்டாவது சான்று ஒன்றைப் பெற்று, மனிதவளப் பிரிவில் இதற்குப் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் கொடுத்து, இதை வேறு யாருக்கும் தெரிவிக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழுத் தலைவருக்கு, 'என் விடுப்பு ஆவணங்கள் மனிதவளப் பிரிவில் உள்ளன. இந்தத் தேதியில் பணிக்குத் திரும்புவேன்' என்ற இரண்டு வரிகள் போதும்.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, மாதச் சம்பளம் 19,000 ரூபாய், ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். சொந்த ஊருக்குப் போன இடத்தில் டைபாய்டு வந்து, தனியார் மருத்துவமனையில் காட்டிப் பத்து நாள் ஓய்வில் இருந்தேன். கம்பெனி, 'ஈ.எஸ்.ஐ.யில் வாங்கிக்கொள்' என்கிறது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில், தனியார் சான்று செல்லாது என்கிறார்கள். நான் எங்கே போவது?

பதில்: ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். சம்பள உச்சவரம்பான 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் நீங்கள் காப்பீட்டாளர். நோய்க்காலப் பணப்பயன் உங்களுக்கு உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பயன்காலத்தில், அதாவது பணப்பயன் கோரக்கூடிய காலத்தில், சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாள்களுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாள்களுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை. உங்கள் சராசரி நாள் ஊதியம் 630 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 441 ரூபாய் வீதம் எட்டு நாள்களுக்கு 3,528 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றுதான் அடிப்படை என்பதால் மருந்தகத்தில் சொன்னது பொதுவிதியாகச் சரியே. ஆனால் சூழ்நிலை நியாயமானது என்று கருதினால் வேறு சான்றுகளையும் ஏற்க ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு. அதை மருந்தகத்தில் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். தனியார் மருத்துவரின் சான்று, இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டுகள், ஊருக்குப் போன பயணச்சீட்டு இருந்தால் அது ஆகியவற்றை இணைத்து, ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் ஏன் போக இயலவில்லை என்பதை விளக்கிக் கிளை மேலாளருக்கு மனு எழுதுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த முறை வெளியூரில் இருந்தாலும், அருகில் ஈ.எஸ்.ஐ. மருந்தகம் இருந்தால் முதல் நாளே அங்கே காட்டுங்கள். பணப்பயன் பெறும் நாள்களில் அனுமதியின்றிச் சிகிச்சைப் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையையும் நினைவில் வையுங்கள். அந்த நாள்களில் உங்களை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கம்பெனியால் முடியாது.

கேள்வி: பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடக்குவாதத்துக்கு உள்நோயாளியாக இருந்தேன். நான் பணிபுரியும் தனியார் பள்ளி, 'எம்.பி.பி.எஸ். மருத்துவரின் சான்று வேண்டும்' என்கிறது.

பதில்: பதிவு பெற்ற சித்த மருத்துவருக்கு, மருத்துவச் சான்றிலும் உடல்தகுதிச் சான்றிலும் கையொப்பமிடும் உரிமையைச் சட்டமே வழங்கியிருக்கிறது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மையக் கழகச் சட்டத்தில் இருந்த அந்த உரிமை, அதற்கு மாற்றாக 2020-இல் வந்த சட்டத்திலும் தொடர்கிறது. சான்றில் மருத்துவரின் பதிவு எண்ணும் மருத்துவமனை முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இந்தச் சட்டங்களைச் சுட்டி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். பதிவில்லாத பரம்பரை வைத்தியரின் சான்றுக்கு இந்தத் தகுதி கிடையாது. மீண்டும் பணியில் சேரும் நாளில் உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். அதையும் உங்களுக்குச் சிகிச்சை அளித்த அதே மருத்துவரிடமே வாங்கிக்கொள்ளலாம்.