ஒரு முறை பாஸ், மறுமுறை ஃபெயில்

கேள்வி: எங்கள் மென்பொருள் டீமில் இரண்டு வார ஸ்பிரிண்ட் (வேலையைப் பிரித்து முடிக்கும் குறுகிய சுற்று). கோடு மாறாமலேயே பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் சில செலினியம் டெஸ்ட்கள் ஃபெயில் ஆகின்றன. மறுபடி ஓட்டினால் பாஸ். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். மறுபடி ஓட்டிப் பச்சை (பாஸ்) வாங்குவது பழகிவிட்டால், உண்மையான பிழை சிவப்பில் வரும்போதும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

முதலில் அந்த டெஸ்டைத் தனியாக 50 முறை ஓட்டுங்கள். தனியாக எப்போதும் பாஸ், மற்றவற்றோடு சேர்ந்தால் மட்டும் ஃபெயில் என்றால், இன்னொரு டெஸ்ட் விட்டுப்போன தரவைச் சந்தேகப்படுங்கள். ஒரே லாகினை எல்லா டெஸ்டும் பகிர்வதுதான் வழக்கமான காரணம். ஒவ்வொன்றும் தனக்கான கணக்கைத் தானே உருவாக்கட்டும்.

தனியாக ஓடியும் தடுமாறினால் பெரும்பாலும் காத்திருப்பில்தான் கோளாறு. 5 விநாடி ஸ்லீப் (என்ன ஆனாலும் அவ்வளவு நேரம் நிற்கும் கட்டளை) போட்டிருப்பீர்கள். சர்வர் 6 விநாடி எடுத்தால் ஃபெயில். 1 விநாடியில் முடித்தால் 4 விநாடி வீண். அதற்குப் பதில், பட்டன் கிளிக் செய்யத் தயாராகும்வரை காத்திருக்கும் எக்ஸ்பிளிசிட் வெயிட் போடுங்கள். திரையில் எதைத் தேடினாலும் பொதுவாகக் காத்திருக்கும் இம்ப்ளிசிட் வெயிட்டைக் கூடவே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கணிக்கவே முடியாது.

நள்ளிரவுக்குப் பின் மட்டும் ஃபெயிலா? டெஸ்ட்களை ஓட்டும் பில்ட் சர்வர் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். நமக்குக் காலை 5.30 ஆகும்வரை அங்கே முந்தைய தேதிதான்.

சரிசெய்யும்வரை அந்த டெஸ்டைத் தனிப் பட்டியலுக்கு மாற்றி, நடப்பு ஸ்பிரிண்டிலேயே ஒருவர் பெயரில் டிக்கெட் (வேலைப் பதிவு) போடுங்கள். அப்போதும் தீரவில்லையா? திரை வழியாகச் சோதிப்பதை விட்டு, அந்த டெஸ்ட் சரிபார்க்கும் அதே விதியை ஏபிஐ (திரை இல்லாமல் நிரல்கள் சர்வரோடு நேரடியாகப் பேசும் வழி) அளவில் டெஸ்டாக எழுதுவது மேல்.